இன்ஜின் திரும்பிப் பார்க்கக் கூடாது

மூன்று வயதுப் பிள்ளைகள் பதினெட்டுப் பேரை ஓர் அறையில் வைத்துக்கொண்டு பாட்டுச் சொல்லிக்கொடுப்பது கஷ்டமில்லை. படம் வரைய வைப்பதும் கஷ்டமில்லை. கஷ்டமெல்லாம் பாட்டு முடிந்து படம் தொடங்குவதற்கு நடுவில் இருக்கிற ஐந்து நிமிடத்தில்தான். கம்பளத்திலிருந்து எழுந்து கை கழுவப் போக வேண்டும், கழுவிவிட்டு ஸ்நாக்குக்கு உட்கார வேண்டும், அது முடிந்ததும் ஜாக்கெட் மாட்டி வெளியே கிளம்ப வேண்டும். அப்போதுதான் ஒருத்தன் பக்கத்திலிருப்பவளைத் தள்ளுவான், ஒருத்தி ஷூவைக் கழற்றி எறிவாள், இன்னொருத்தன் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு வரமாட்டேன் என்பான். பிஸ்கட்டவே என்கிற இந்த அமெரிக்க ஊரில் எங்கள் ப்ரீஸ்கூலின் முன் மேஜையில் ஒன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். அடிபட்டதற்கும் கடிபட்டதற்கும் ரிப்போர்ட் டைப் அடிப்பது என் வேலை. பத்தில் எட்டு அந்த நடு நிமிடங்களில் நடந்ததாகத்தான் இருக்கும்.

நாகலக்ஷ்மியின் அறையிலிருந்து மட்டும் எனக்கு ரிப்போர்ட்டே வராது. அதனால் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டுவிடுவேன், சில நாள் எரிச்சல் வந்தாலும்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்யாணமாகி, கணவர் சிவராமகிருஷ்ணனின் மருந்துக் கம்பெனி வேலையோடு ஒட்டிக்கொண்டு இங்கே வந்தவள். பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்துவிட்டு, வேலை செய்ய அனுமதியில்லாத விசாவில் பதினோரு வருஷம் அபார்ட்மென்டுக்குள் உட்கார்ந்திருந்தாள். கிரீன் கார்டு கையில் வந்த மறு வாரம் எங்கள் கதவைத் தட்டினாள். லீவு போடுகிறவர்களுக்குப் பதிலாக நிற்க வந்தவள், படித்து, பரீட்சை எழுதி, நாலே வருஷத்தில் ஒரு வகுப்புக்கு லீட் டீச்சர் ஆனாள். சும்மா இருந்த வருஷங்களுக்கெல்லாம் சேர்த்து இப்போது உழைக்கிறேன் என்பாள். யாராவது அவளை பேபி சிட்டர் என்று சொல்லிவிட்டால் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேச மாட்டாள்.

அவளுடைய வித்தை கூட்ஸ் வண்டி. ஒரு வேலை முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது மணல் கடிகாரத்தைக் கவிழ்த்து வைப்பாள். மணல் தீர்ந்ததும் தொடையில் தாளம் தட்டுவாள். பிள்ளைகள் பொம்மையை எடுத்து வைத்துவிட்டு வரிசையில் வந்து நிற்பார்கள். ஒவ்வொருவரிடமும் குனிந்து, "வாட்ஸ் யுவர் லோட்?" என்று கேட்பாள். ஒருத்தி மாம்பழம் என்பாள், ஒருத்தன் டைனோசர் என்பான், ஒருத்தன் எங்கள் வீட்டு சோபா என்பான். அந்த இல்லாத சரக்கை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடக்க வேண்டும். கையில் சரக்கு இருந்தால் யாரையும் தள்ள முடியாதில்லையா. அதிகமாகத் தள்ளுகிற பையனுக்கு முட்டைதான் கொடுப்பாள். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடப்பதை என் மேஜைக்கு எதிரே இருக்கிற வகுப்பின் கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்த்து எத்தனையோ நாள் சிரித்திருக்கிறேன்.

தினமும் ஒரு பிள்ளை இன்ஜின். இன்ஜினாக எல்லாருக்கும் ஆசை. இன்ஜினுக்கு ஒரே ஒரு சட்டம், திரும்பிப் பார்க்கக் கூடாது. முன்னால் போகிறது நின்று திரும்பினால் பின்னால் வருகிற பதினேழும் மோதி விழும். நல்ல சட்டம்தான். யாரும் அதில் குற்றம் கண்டுபிடித்ததில்லை.

ஜனவரி பன்னிரண்டு, திங்கட்கிழமை. ஆதர்ஷ் என்ற பையனை அவன் அப்பா சேனாபதி கொண்டுவந்து விட்டார். வழக்கமாக வாசலிலேயே விட்டுவிட்டு ஓடுகிற மனிதர், அன்று உள்ளே வந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றார். பையன் அவர் விரலை விடவில்லை. நாகலக்ஷ்மி வெளியே வந்ததும் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"ஆன்ட்டி, மத்தியானம் ஃப்ளைட். ஸ்டாம்பிங்குக்கு சென்னை போறேன். ரெண்டு வாரத்துல வந்துடுவேன். இவன்கிட்ட சொல்லல. சொன்னா விடமாட்டான்."

இங்கே வேலை செய்கிறவர்கள் பாஸ்போர்ட்டில் புது விசா ஒட்டிக்கொள்ள ஊருக்குப் போய் வருவதைத்தான் ஸ்டாம்பிங் என்பார்கள். வருஷத்துக்கு நாலைந்து அப்பாக்கள் எங்கள் பள்ளியில் அப்படிப் போவதுண்டு.

"சொல்லவே வேண்டாம். நான் பாத்துக்கறேன்," என்றாள் நாகலக்ஷ்மி. "இன்னைக்கு அவனை இன்ஜின் ஆக்கறேன். வண்டி கிளம்பினதும் உங்களைப் பாத்து தலையாட்டுவேன். நீங்க நழுவிடுங்க. அழவே மாட்டான், பாருங்க."

நம் வீடுகளில் இது புதிதில்லை. காக்கா பாரு என்று ஜன்னல் பக்கம் கையைக் காட்டிவிட்டு பின்பக்கமாக நழுவுவதுதான் வழக்கம். என் மகனை நானும் அப்படி விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். அதை ஏமாற்று என்று யாரும் நினைத்ததில்லை. அழவிடாமல் போவதுதான் அன்பு என்று நினைத்தோம்.

நாகலக்ஷ்மி பையனிடம் குனிந்தாள். "ஆதர்ஷ், இன்னைக்கு யார் இன்ஜின் தெரியுமா?" என்றாள். அவன் முகம் மலர்ந்தது. அப்பாவை அண்ணாந்து பார்த்தான்.

"நீ போய் நில்லு. அப்பா இங்கதான் நிக்கறேன்," என்றார் சேனாபதி.

அவன் ஓடிப் போய் வரிசையின் முதலில் நின்றான். வண்டி கிளம்பியது. நாகலக்ஷ்மி தலையாட்டினாள். வெளிக்கதவைத் திறக்கிற பொத்தான் என் மேஜைக்கு அடியில் இருக்கிறது. அழுத்தினால் கதவு கொர்ரென்று ஒரு சத்தம் போட்டுத் திறக்கும். அழுத்தினேன். சேனாபதி போய்விட்டார். பார்க்கிங்கில் விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்து இடத்தில்தான் அவர் எப்போதும் காரை நிறுத்துவார். ரொம்ப நேரம் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் காரை எடுத்தார்.

பையன் அழவில்லை. நாகலக்ஷ்மி என் பக்கம் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனாள். நானும் மனசுக்குள் சபாஷ் போட்டேன்.

இரண்டு வாரம் என்று போனவர் இரண்டு வாரத்தில் வரவில்லை. இன்டர்வியூவில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். எத்தனை நாள் என்று கேட்டால் பதில் கிடையாது. இதை என்னிடம் சொன்னவள் ஆதர்ஷின் அம்மா ஹம்சா. ஒல்லியாக, எந்நேரமும் கார் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிற பெண். ஒரு லேபில் வேலை. அவளுக்கென்று தனி விசா, அதுவும் அந்த வேலையோடு கட்டியது. வேலை போனால் அறுபது நாளில் பெட்டி கட்ட வேண்டும்.

"ஆதர்ஷ் கிட்ட என்ன சொல்லியிருக்க?" என்று கேட்டேன்.

"அப்பா ஆபீஸ்ல இருக்கார்னு சொல்றேன் ஆன்ட்டி. மொதல் ரெண்டு நாள் வீடியோ கால் போட்டேன். போனைத் தூக்கிக்கிட்டு ஷூ மாட்டிட்டு வாசல்ல போய் நிக்கறான், ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போன்னு. அதான் நிறுத்திட்டேன்."

அந்த வாரமே முதல் ரிப்போர்ட் வந்தது. மணல் தீர்ந்து நாகலக்ஷ்மி தாளம் தட்டியதும் ஆதர்ஷ் கையிலிருந்த மரக்கட்டையை வீசினான். அது ஒரு பையனின் நெற்றியில் பட்டு வீங்கியது. நாகலக்ஷ்மியின் அறையிலிருந்து ரிப்போர்ட் என்றதும் எங்கள் டைரக்டர் டெனீஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

பிப்ரவரி முதல் வாரத்தில் இரண்டாவது. வரிசைக்கு வா என்று கையைப் பிடித்த மானஸா என்ற சிறுமியின் முழங்கைக்கு மேலே கடித்துவிட்டான். தோல் கிழிந்திருந்தது. மானஸாவின் அப்பா என் மேஜைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

எங்கள் பள்ளியில் மூன்றாவது ரிப்போர்ட் வந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவார்கள். சேரும்போதே கையெழுத்து வாங்கிவிடுகிற விஷயம். ஹம்சா ஏழு இடத்துக்கு போன் பண்ணிப் பார்த்தாள். எங்கும் செப்டம்பர் வரை இடமில்லை. கடிக்கிற பிள்ளை என்று தெரிந்தால் செப்டம்பரிலும் இருக்காது. பிள்ளையை விட இடமில்லை என்றால் அவள் லேபுக்குப் போக முடியாது. லேபுக்குப் போகாவிட்டால் அந்த அறுபது நாள் கணக்கு ஆரம்பிக்கும். இதையெல்லாம் அவள் அழாமல்தான் சொன்னாள். சாவியை மட்டும் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தாள்.

நாகலக்ஷ்மி தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். அவனுக்கென்று தனியாக ஒரு மணல் கடிகாரம் வாங்கினாள். அடுத்து என்ன, அதற்கடுத்து என்ன என்று படம் ஒட்டிய அட்டை செய்தாள். ஐந்து நிமிடத்துக்கு முன், மூன்று நிமிடத்துக்கு முன், ஒரு நிமிடத்துக்கு முன் என்று காதில் போய்ச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் உடம்பு விறைத்தது. விளையாடும்போது சிரிக்கிற பிள்ளை, கதை கேட்கும்போது மடியில் வந்து உட்காருகிற பிள்ளை, இடம் மாற வேண்டும் என்றதும் கம்பளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அலறினான். நாளுக்கு எட்டு தடவை. அவளுக்குத் தொண்டை கட்டியது. மற்ற பதினேழு பேரும் கட்டவிழ ஆரம்பித்தார்கள்.

தோற்றுப் பழக்கமில்லாதவர்கள் செய்வதை அவளும் செய்தாள். ஒரு சாயங்காலம் ஹம்சாவை நிறுத்தி, "வீட்ல ரொம்ப ஐபேட் காட்டறீங்களா? கொஞ்சம் கண்டிச்சு வளக்கணும். இங்க மத்த பசங்க எல்லாம் கேக்கறாங்களே," என்றாள். ஹம்சா தலையைக் குனிந்துகொண்டு சரி ஆன்ட்டி என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் போன பிறகு, "அந்தப் பொண்ணு தனியா கிடந்து மாயறா, அவளைப் போய் ஏன் குத்தறே?" என்று கேட்டேன். நாகலக்ஷ்மி பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மூன்றாவது சம்பவம் பிப்ரவரி பதினெட்டாம் தேதி காலை. முந்தின இரவு பனி பெய்து பார்க்கிங்கின் ஓரமெல்லாம் குவிந்திருந்தது. நாகலக்ஷ்மி அன்று கடைசி ஆயுதத்தை எடுத்தாள். ஆதர்ஷை மறுபடி இன்ஜின் ஆக்கினாள். அவன் வந்து நிற்கத்தான் செய்தான். அறைக் கதவைத் திறந்து வண்டியை ஹாலுக்குக் கொண்டுவந்தாள். அந்த நேரம் பார்த்து வெளியே கூரியர்காரர் பெட்டியோடு நின்றார். நான் பொத்தானை அழுத்தினேன்.

அடுத்து நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன், ஆனால் கால் எழும்பவில்லை. ஆதர்ஷ் வரிசையை விட்டு ஓடி, கூரியர்காரரின் பெட்டிக்கு அடியில் புகுந்து வெளியே போய்விட்டான். ஜாக்கெட் இல்லை. சாக்ஸ் மட்டும். பார்க்கிங்கில் ஒரு வேன் ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. நாகலக்ஷ்மி எனக்கு முன்னால் ஓடினாள். அந்த வயதில், அந்த மூட்டு வலியோடு, பனியில் ஒரு தடவை விழுந்து எழுந்து ஓடினாள். வேன்காரர் பிரேக் அடித்தபோது அதற்கும் பையனுக்கும் நடுவில் ஒரு ஆள் அகலம்தான் இருந்தது. அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அவன் அவள் தோளில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தான். அவள் முழங்கையிலிருந்து ரத்தம் வழிந்தது.

டெனீஸ் குரலை உயர்த்துகிற ஆள் இல்லை. பள்ளிக்கு லைசன்ஸ் கொடுக்கிற மாநில அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றார். ஹம்சாவை ஐந்தரைக்கு வரச் சொல் என்றார். பள்ளியை மாற்றிக்கொள்ளச் சொல்லும் கடிதத்தை அடித்து வைக்கச் சொன்னார். கூடவே ஒரு படிவம். பள்ளியால் இயன்றதெல்லாம் செய்யப்பட்டது, பிள்ளையின் நடத்தைக்கு இங்கே காரணம் எதுவும் காணப்படவில்லை என்று வகுப்பு ஆசிரியை கையெழுத்துப் போட வேண்டும்.

பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில் ரிப்போர்ட்டுக்காக கேமரா பதிவை ஓட்டினேன். நாகலக்ஷ்மி கட்டுப் போட்ட முழங்கையோடு படிவத்தில் கையெழுத்துப் போட வந்தாள். இரண்டு பேருமாகப் பார்த்தோம். எங்கள் கேமராவில் சத்தம் பதியாது. வரிசை நிற்கிறது. ஆதர்ஷ் முன்னால் நிற்கிறான். திரையின் ஓரத்தில் என் கை மேஜைக்கு அடியில் போகிறது. அந்த நொடியே அவன் தலை திரும்புகிறது.

"மறுபடி போடு," என்றாள்.

மறுபடி போட்டேன். கூரியர்காரர் இன்னும் கதவைத் தொடவே இல்லை. என் கை போன மாத்திரத்தில் அவன் திரும்பிவிட்டான். வெளியே இருக்கிற கேமராவின் பதிவில் பார்த்தால் அவன் வேனைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்க்கவில்லை. நேராக விளக்குக் கம்பத்துக்குப் போய், காலியாக இருந்த அந்த இடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தான்.

"அது அவங்க அப்பா கார் நிறுத்தற இடம்," என்றேன்.

நாகலக்ஷ்மி திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். பிறகு, "ஜனவரி பன்னண்டு எடு," என்றாள்.

அறுபது நாள் வரை பதிவு இருக்கும். எடுத்தேன். சேனாபதி கண்ணாடி ஓரத்தில் நிற்கிறார். பையன் வரிசையின் முதலில் கையை இன்ஜின் சக்கரம் போலச் சுற்றிக்கொண்டு கிளம்புகிறான். நாகலக்ஷ்மி தலையாட்டுகிறாள். என் கை மேஜைக்கு அடியில் போகிறது. பையனின் இரண்டு தோளும் தூக்கிப்போடுகிறது. கை சுற்றுவது நிற்கிறது. ஆனால் அவன் திரும்பவில்லை. கழுத்து பாதி திரும்பி, மறுபடி நேராகிறது. கை கழுவுகிற இடம் வரை அப்படியே போகிறான். அங்கே போன பிறகுதான் வரிசையை விட்டு ஓடி வந்து கண்ணாடியில் நெற்றியை ஒட்டி வைத்துக்கொள்கிறான். நாகலக்ஷ்மி அதற்குள் அடுத்த பிள்ளைக்குச் சோப்பு போட்டுக்கொண்டிருந்தாள். நான் போனில் இருந்தேன். எவ்வளவு நேரம் அங்கே நின்றான் என்று பார்த்தேன். நாலு நிமிடம்.

"கதவுச் சத்தம் கேட்டிருக்கு அவனுக்கு," என்றாள். "திரும்பணும்னு இருந்திருக்கு. நான் போட்ட ரூல், புஷ்பா. அதான் திரும்பல. நான் கூப்பிட்டா நல்லதுன்னு நம்பி வந்தான். அதை வச்சுத்தான் ஏமாத்தியிருக்கேன்."

ஆனால் அப்போது நான் சொன்னது அவளுக்காகவும் இல்லை, பிள்ளைக்காகவும் இல்லை. "இதை மீட்டிங்ல சொல்லாத. சொன்னா உன்னைத்தான் பிடிப்பாங்க. கையெழுத்தைப் போட்டுட்டுப் போ," என்றேன். பொத்தானை அழுத்திய கை யாருடையது என்று டெனீஸ் கேட்பாரே என்ற பயம்தான் எனக்கு. இதை ஒளிப்பதில் பிரயோஜனமில்லை.

நாகலக்ஷ்மி படிவத்தை எடுத்து நாலாக மடித்துத் தன் ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டாள்.

ஐந்தரைக்கு ஹம்சா வந்தாள். லேபில் ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தேன், நாளைக்குக் கேட்பார்கள் என்றாள். டெனீஸின் அறையில் அவர்கள் மூன்று பேர், குறிப்பெடுக்க நானும். கடிதம் மேஜை மேல் இருந்தது. டெனீஸ் பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் நாகலக்ஷ்மி பேசினாள். இங்கிலீஷில், மெதுவாக, பதினோரு வருஷம் வீட்டில் இருந்தவளுடைய இங்கிலீஷில். அந்த அப்பாவைச் சொல்லாமல் போகச் சொன்னது நான், பையன் பார்க்காமல் இருக்க அவனை முன்னால் நிறுத்தியது நான், அதற்கு அப்புறம் நான் எப்போது கூப்பிட்டாலும் யாரோ போகப் போகிறார்கள் என்றுதான் அவனுக்குத் தெரியும், அவன் என்னை நம்பாததில் தப்பே இல்லை என்றாள். படிவத்தில் காரணம் இல்லை என்று இருக்கிறது, காரணம் இருக்கிறது, அதனால் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள்.

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கதவைத் திறந்துவிட்டது நான் என்றேன்.

ஹம்சா யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு தமிழில், "நான் கண்டிச்சு வளக்கலன்னு சொன்னீங்களே ஆன்ட்டி," என்றாள்.

"சொன்னேன். தப்பு."

"வீட்டுக்குப் போய் அவனை அடிச்சேன் அன்னைக்கு."

நாகலக்ஷ்மி தன் நாற்காலியை ஹம்சாவின் பக்கம் நகர்த்திக்கொண்டாள். டெனீஸுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் அவர் குறுக்கிடவில்லை.

"அவன்கிட்ட நிஜத்தைச் சொல்லணும் ஹம்சா," என்றாள் நாகலக்ஷ்மி. "அப்பாவே சொல்லணும்."

"என்னன்னு சொல்றது? எப்ப வருவார்னு எனக்கே தெரியாது."

"தெரியாதுன்னே சொல்லச் சொல்லு. இங்கதான் நிக்கறேன்னு சொல்லிட்டுப் போனதுக்கு அது எவ்வளவோ மேல்."

டெனீஸ் ஒரு வாரம் கொடுத்தார். ஒரே ஒரு வாரம், அதற்குள் இன்னொரு ரிப்போர்ட் வந்தால் கடிதம் போய்விடும் என்றார். நாகலக்ஷ்மியின் ஃபைலில் ஒரு எச்சரிக்கை போனது, என்னுடையதிலும் ஒன்று. அன்று வீட்டுக்குப் போய் என்னால் சாப்பிட முடியவில்லை.

மறுநாள் காலை எட்டு நாற்பது. சென்னையில் ராத்திரி ஏழு பத்து. ஹம்சா லேபுக்கு லேட்டாக வருவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். டெனீஸே வகுப்பில் உதவிக்கு உட்கார்ந்தார். கம்பளத்தின் ஓரத்தில் ஹம்சா போனை நீட்டினாள். திரையில் சேனாபதி. தாடி வளர்ந்திருந்தது. வகுப்பின் கண்ணாடிக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள், எனக்கு எல்லாம் கேட்டது.

"ஆதர்ஷ், அப்பா ஆபீஸ்ல இல்லடா. சென்னைல இருக்கேன். ரொம்ப தூரம். ப்ளேன்ல வந்தேன்," என்றார். "அன்னைக்கு இங்கதான் நிக்கறேன்னு சொல்லிட்டு, சொல்லாம போயிட்டேன். அப்பா பண்ணது தப்பு."

பையன் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "வென் ஆர் யூ கமிங்?" என்றான்.

"தெரியலடா. ஒரு பேப்பர் வரணும். வந்த உடனே கிளம்பிடுவேன். அது என்னைக்குன்னு அப்பாவுக்குத் தெரியல."

அவன் அழுவான் என்று எல்லோரும் காத்திருந்தோம். அழவில்லை. மணல் தீர்ந்தது. நாகலக்ஷ்மி தாளம் தட்டாமல், ஓரமாக வந்து உட்கார்ந்து, கை கழுவுகிற நேரம் ஆகிவிட்டது, நீ எப்போது தயாரோ அப்போது என்று சொன்னாள். மற்ற பதினேழு பேரும் மாம்பழமும் சோபாவும் ஏந்தியபடி நின்றார்கள். முட்டைக்காரப் பையன் கை வலிக்கிறது என்றான். ஒரு நிமிடம் ஆயிற்று. மூன்று நிமிடம். ஆதர்ஷின் விரல்கள் கம்பளத்தின் ஓரத்தைப் பிடித்தன. நாகலக்ஷ்மியின் உதடு உலர்ந்திருந்ததை நான் இங்கிருந்தே பார்த்தேன். இப்போது அவன் அலறி, பக்கத்தில் நிற்கிற யாரையாவது உதைத்தால் எல்லாம் முடிந்தது.

அவன் எழுந்தான். அம்மாவின் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டான். வரிசைக்குப் போகவில்லை. அறையை விட்டு வெளியே வந்தான். ஹம்சா எட்டிப் பிடிக்கப் போனாள். நாகலக்ஷ்மி அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, தான் மட்டும் இரண்டடி பின்னால் வந்தாள். நான் கதவைப் பார்த்தேன். வெளியே யாரும் இல்லை. கதவு பூட்டித்தான் இருந்தது. அவன் என் மேஜைக்கு நேராக வந்து நின்றான். மேஜை விளிம்பு அவன் மூக்குக்கு இருந்தது.

போனைத் திருப்பி, அப்பாவின் முகம் கதவைப் பார்க்கிற மாதிரி பிடித்துக்கொண்டான். பிறகு என்னைப் பார்த்தான்.

"ப்ரெஸ் இட்," என்றான்.

எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது கண் மறைத்தது. அப்பா போன அன்று காலை தன் முதுகுக்குப் பின்னால் யார் என்ன செய்தார்கள் என்பது அவனுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. ஐந்து வாரமாக என் மேஜையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் தெரிந்துகொண்டேதான் போயிருக்கிறான்.

நாகலக்ஷ்மி கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு தலையாட்டினாள். அன்றைக்கு ஆட்டிய அதே தலை. நான் அழுத்தினேன். கதவு கொர்ரென்று திறந்தது. குளிர் காற்று உள்ளே வந்தது.

"பை அப்பா," என்றான் ஆதர்ஷ். "நவ் யூ கோ."

"போயிட்டு வரேன்டா," என்றார் சேனாபதி. அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது. பையனே சிவப்புப் பொத்தானைத் தொட்டு போனை அணைத்தான். கதவு தானாக மூடிக்கொள்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு போனை என் மேஜை மேல் வைத்துவிட்டு உள்ளே போனான். வரிசையின் கடைசியில் போய் நின்றான்.

நாகலக்ஷ்மி கண்ணைத் துடைத்துக்கொள்ள ஏப்ரனில் கையை விட்டாள். மடித்து வைத்திருந்த படிவம்தான் கையில் வந்தது. அதிலேயே துடைத்துக்கொண்டாள். அப்புறம் அவனிடம் போய்க் குனிந்து, இன்றைக்கு உன் லோடு என்ன என்று கேட்டாள்.

ஒன்றுமில்லை என்று அவன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். வண்டி கிளம்பியது. கை கழுவுகிற இடத்துக்குப் போவதற்குள் ஆறு தடவை திரும்பிப் பார்த்தான். ஆறு தடவையும் நான் எழுந்து நின்று, அவனுக்குத் தெரிகிற மாதிரி இரண்டு கையையும் மேஜை மேல் வைத்திருந்தேன்.